25 நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோகும் 15 குதிரைவலு மோட்டர்: எங்கே பார்ப்பது?

குருநகர்க் கரை | திங்கள், காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக நித்திரையைக் கெடுக்கிற பிரச்சினை இது. 18 அடி பைபர் போட். 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் பெற்றோல் மோட்டர். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, கைபிடியால் திருப்புவது. நண்டு வலைத் தொழில். பின்னேரம் வலை விட்டு, விடியப்புறம் மூன்று மூன்றரைக்கு இறங்கி எடுப்போம். நானும் மச்சானும்தான் போட்டில்.

கரையில் இரண்டாவது இழுவையிலேயே பிடிக்கிறது. மண்டைதீவைத் தாண்டும் வரை சத்தம் மாறாது, வேகம் குறையாது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடியபின் நின்றுபோகிறது. அதன்பிறகு கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் பிடிக்காது. மேல்மூடியைக் கழற்றி, அதையும் இதையும் தொட்டுப் பார்த்து, பத்து நிமிடம் கழித்து இழுத்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. எல்லா நாளும் இப்படி இல்லை. நாலு நாள் நன்றாக ஓடும். ஐந்தாம் நாள் இரண்டு தரம் நிற்கும்.

இதுவரை செய்தது: இரண்டு பிளக்கும் புதிது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. பெற்றோல் பில்டர் புதிது. ஒரு கராச்சில் கொடுத்தேன். தண்ணீர் பரலுக்குள் இறக்கி முக்கால் மணித்தியாலம் ஓட்டினார்கள். நிற்கவே இல்லை. "சூடேறினால் பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற கொயில் விட்டுப்போகிறது, மாற்றினால் சரி" என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாற்றியும் நின்றால் என்ன செய்வது?

சென்ற வெள்ளி நின்றபோது நீரோட்டம் போட்டை, கடலில் நட்டு வலை கட்டுகிற சிறகுவலைத் தடிகளின் மேல் கொண்டுபோய்ச் சாத்தியது. கும்மிருட்டு. மச்சான் மரக்கோலை ஊன்றிப் பிடித்திருக்காவிட்டால் இன்னொருவனின் வலை கிழிந்திருக்கும், எங்களுக்கும் அடிபட்டிருக்கும். அதனால்தான் இதைச் சும்மா விட முடியவில்லை.

நெடுந்தீவுப் பயணி | திங்கள், காலை 11.15

தம்பி, பெற்றோல் தாங்கியின் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் திருகு இருக்கும். அதைத் திறந்துவிட்டா ஓடுகிறீர்கள்? இருபது நிமிடம் என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றுகிற போட்டில் இதே கூத்து எங்களுக்கு நடந்தது. திருகு திறந்துதான் இருந்தது. ஆனால் உப்பு உறைந்து உள்ளே துளை அடைத்துக்கொண்டது. தாங்கிக்குள் பெற்றோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே இழுவை உண்டாகும். ஒரு கட்டத்தில் மோட்டரின் பம்பால் அந்த இழுவையை மீறிப் பெற்றோல் எடுக்க முடியாது. நின்றுபோகும். பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். அடுத்த தரம் நிற்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அதுதான்.

வேலணையான் | திங்கள், பகல் 12.05

நான் தாங்கியிலிருந்து பெற்றோல் வருகிற ரியூப்பைச் சந்தேகிப்பேன். வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். உள்ளே இருக்கிற மெல்லிய படலம் உரிந்து மடிந்துவிடும். மெதுவாகப் போகும்போது பெற்றோல் கொஞ்சமாகத்தானே போகிறது, அதனால் தெரியாது. முழு வேகத்தில் இழுக்கும்போது அந்தப் படலம் வாயை அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் விலகிவிடும். எங்கள் பழைய ரியூப்பைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். பாம்புச் சட்டை போல உள்ளே ஒன்று தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்தபிறகு நான் ரியூப்பை நம்புவதில்லை.

ரியூப்பை மோட்டரில் கொளுவுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது தேய்ந்தால் பெற்றோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

ஊர்காவற்றுறைப் பழைய கை | திங்கள், பின்னேரம் 4.30

தம்பி, எல்லோரும் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் நீர் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. மோட்டர் எப்படி நிற்கிறது? சுவிச்சைப் போட்டு லைட்டை அணைத்தது போல டக்கென்று நிற்கிறதா? அல்லது மூச்சு வாங்கி, இழுத்து, ஒருக்கால் ஏறி ஒருக்கால் இறங்கி நிற்கிறதா? பெற்றோல் போதாமல் நிற்கும் மோட்டர் சாகிற ஆள் போல இழுத்துத்தான் நிற்கும். காபரேட்டரின் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைக் குடித்து முடிக்கும் வரை அதற்கு உயிர் இருக்கும். கரண்ட் போய் நிற்பது அப்படி இல்லை. ஒரு சுற்றில் பொறி இருக்கும், அடுத்த சுற்றில் இருக்காது.

முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். விட்டு விட்டு வருகிற பிழையைக் கரையில் பிடித்தவர்களைவிடக் கடலில் பிடித்தவர்களே அதிகம். பரலுக்குள் ஓட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அங்கே அலை இல்லை, பாரம் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே அடுத்த தரம் நின்றால், கயிற்றில் கை வைக்க முதல் இந்த மூன்றையும் பாரும்.

முதலில் ரியூப்பில் இருக்கிற ரப்பர் கைப்பம்பைத் தொடும். சப்பி, உள்ளே ஒட்டிப்போய்க் கிடந்தால் அடைப்பு தாங்கிப் பக்கம்: காற்றுத் திருகு, அல்லது பம்புக்கு முந்திய ரியூப். தொளதொளவென்று மெத்தென்றிருந்து, நாலு தரம் அமுக்கியதும் இறுகி மோட்டர் ஓடினால் காற்று எங்கோ புகுகிறது, அல்லது மோட்டரில் இருக்கிற பெற்றோல் பம்பின் தோல் கிழிந்திருக்கிறது. கல்லுப்போல இறுகியே இருந்தால் அதுவரை பெற்றோல் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப்பிறகு பெற்றோலைச் சந்தேகிப்பது குறையலாம்.

இரண்டாவது, பிளக்கைக் கழற்றி மூக்கைப் பாரும். நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? கயிற்றைப் பல தரம் இழுத்தபிறகும் காய்ந்திருந்தால் பெற்றோல் சிலிண்டருக்கு வரவில்லை. நனைந்திருந்தால் பெற்றோல் இருக்கிறது, பொறி இல்லை.

மூன்றாவது, இரண்டு பிளக்கையும் பாரும். ஒன்று மட்டும் நனைந்திருக்கிறதா, இரண்டுமா? இதை மறக்க வேண்டாம்.

ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றும். ஒரே நாளில் ரியூப், திருகு, பிளக் எல்லாம் மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று உமக்குத் தெரியாது. திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மயிலிட்டிக் காற்று | திங்கள், இரவு 8.10

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற சிடிஐ பெட்டியை மாற்றினால் முடிந்தது. எங்களுடையது அப்படித்தான் சரிவந்தது. பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் ஓடும்போதே ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பாருங்கள், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

ஊர்காவற்றுறைப் பழைய கை | திங்கள், இரவு 8.45

தம்பி மயிலிட்டி, உமக்குச் சரிவந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடும்போது பிளக் வயரைக் கழற்றச் சொல்லாதேயும். பொறி போக இடமில்லாவிட்டால் அந்த மின்னழுத்தம் கொயிலுக்குள்ளும் சிடிஐக்குள்ளும் திரும்பி அடிக்கும். நல்ல பெட்டி அதிலேயே பழுதாகலாம். ஈரக்கையால் தொட்டால் ஆளையும் தூக்கி எறியும். அசைகிற போட்டில் அது விளையாட்டு இல்லை. பொறி பார்ப்பதென்றால் மோட்டர் நின்றபிறகு பிளக்கை வெளியே எடுத்து, வயரைக் கொளுவி, பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சினின் வெறும் இரும்பில் ஒட்டிப் பிடித்து, கயிற்றை இழுக்க வேண்டும். சிலிண்டர் வாயிலிருந்து பெற்றோல் ஆவி வரும். ஆகவே பிளக்கை அந்தத் துளையிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் திறந்த பெற்றோல் கான் இருக்கக்கூடாது.

மண்ணெண்ணெய்க் காலம் | செவ்வாய், காலை 6.20

நாங்கள் மண்ணெண்ணெய் மோட்டர்காரர். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்த முதல் திரும்பப் பெற்றோலுக்கு வருவோம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கிடைத்ததைக் கிடைத்த கானில் சேர்த்து வைத்தோம். கானுக்குள் வியர்த்த தண்ணீர் அடியில் தங்கி, அலையில் போட் குலுங்கும்போது மட்டும் ரியூப் வாய்க்கு வரும். கரையில் அசையாமல் நிற்கும்போது வராது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் கோடு போட்டுப் பிரிந்து நிற்கும். செலவே இல்லாத சோதனை. செய்துவிடுங்கள்.

குருநகர்க் கரை | வியாழன், காலை 9.30

எல்லோருக்கும் நன்றி. செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

போத்தல் சோதனை: தண்ணீர் இல்லை. காற்றுத் திருகு: கழற்றி ஊதினேன், காற்று தாராளமாகப் போகிறது. புது ரியூப் வாங்கவில்லை. மச்சானின் தம்பியிடம் வேறு மோட்டருக்கு வாங்கிய ரியூப் ஒன்று இருந்தது, அதைப் போட்டு ஒரு நாள் ஓடிப் பார்த்தேன். அன்று நிற்கவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று விடியப்புறம் நின்றது. அந்த ரியூப்போடுதான் நின்றது.

பழைய கை அண்ணை கேட்டதைப் பார்த்தேன். டக்கென்றுதான் நின்றது. இழுக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. கைப்பம்ப் கல்லுப்போல இறுகி இருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பிளக்கைக் கழற்றினேன். இரண்டும் நனைந்திருந்தன. மூக்கிலிருந்து சொட்டியது. துடைத்துப் போட்டு இழுத்தேன், பிடிக்கவில்லை. பிறகு வழக்கம்போலக் கொஞ்ச நேரத்தில் பிடித்தது.

அப்படியென்றால் கராச்சில் சொன்ன கொயில்தானா?

கோண்டாவில் வயரிங் | வியாழன், காலை 10.50

நான் கார், மோட்டார் சைக்கிள் வயரிங் செய்கிறவன். போட் அனுபவம் குறைவு, ஆனால் கரண்ட் வேலை எங்கும் ஒன்றுதான். இரண்டு சிலிண்டரும் ஒரே கணத்தில் நின்றன, இரண்டு பிளக்கும் நனைந்திருந்தன. ஆகவே பிழை இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பிளக்கோ பிளக் வயரோ ஒரே நேரத்தில் இரண்டும் பழுதாவது அரிது.

பொதுவான இடம் மூன்று. பிளைவீலுக்குக் கீழே மின்சாரம் உண்டாக்குகிற கொயில். அதைச் சேர்த்துவைத்து ஒரே அடியாக விடுகிற சிடிஐ. மூன்றாவது, பலர் மறப்பது, ஸ்டொப் சுவிச்சும் அதன் வயரும். ஸ்டொப் பட்டன் அமுக்கினால் என்ன நடக்கிறது? அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் இரும்பு உடம்போடு தொடுத்துவிடப்படுகிறது. அவ்வளவுதான். ஆள் விழுந்தால் மோட்டர் நிற்பதற்காக ஓட்டுகிறவர் கையில் கட்டுகிற சிவப்புச் சுருள் கயிறு கழன்றாலும் அதுவே நடக்கும். ஆகவே அந்த வயர் எங்காவது தோல் உரிந்து இரும்பில் பட்டால், ஒருவரும் பட்டன் அமுக்காமலே மோட்டர் நிற்கும்.

சூடானால் விட்டுப்போகிற கொயில் உண்மையிலேயே உண்டு. உள்ளே மயிர் போன்ற கம்பி எங்கோ முறிந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறி விரிந்ததும் பிரியும். குளிர்ந்த நிலையில் மீட்டர் வைத்தால் சரியாகவே காட்டும். நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே வைத்தால்தான் தெரியும். விலை கொடுக்க முதல் அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நாவாந்துறை மகள் | வியாழன், பின்னேரம் 5.15

எனக்கு மோட்டர் கழற்றத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கலாமா?

எங்கள் அப்பாவின் மோட்டர் இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் படுத்தியது. ஒவ்வொரு நாளும் வந்து "இன்றைக்கும் நின்றது" என்பார். எப்போது, எங்கே என்று கேட்டால் சரியாக நினைவிருக்காது. அதனால் ஒரு கொப்பி போட்டேன். நின்ற நேரம், இடம், காற்று, கைபிடியில் யார் இருந்தார், போட்டில் பாரம் எவ்வளவு, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மூன்று கிழமை எழுதியபின், மழை பெய்த நாட்களில் மட்டும்தான் நின்றிருக்கிறது என்று தெரிந்தது. பிளக் தொப்பியில் வெடிப்பு. அதுவரை ஒருவரும் மழையை நினைக்கவில்லை.

அண்ணை, நீங்கள் 25 நிமிடம் என்கிறீர்கள். அது 25 நிமிடமா, அல்லது 25 நிமிடத்தில் நீங்கள் போய்ச்சேருகிற ஓர் இடமா?

குருநகர்க் கரை | வியாழன், இரவு 7.40

தங்கச்சி, இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. இருந்து யோசித்தேன். மச்சானையும் கூப்பிட்டு வைத்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம்.

நின்ற தரம் எல்லாம் எங்கள் வலைக்குக் கிட்டவாகத்தான். மண்டைதீவைத் தாண்டி, வலைக்கொடி தேடுகிற இடத்தில். ஒரு தரம் மட்டும் திரும்பி வரும்போது நின்றது. அது கரைக்குக் கிட்ட, சிறகுவலைத் தடிகளுக்கு நடுவே வழி பார்த்து வரும்போது.

இரண்டாவது, மச்சான்தான் முதலில் சொன்னார்: "நான் பிடித்த நாள் ஒன்றும் நிற்கவில்லை." நான் நம்பவில்லை. ஆனால் அப்படித்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர் கைபிடி பிடிப்பார். அந்த நாட்களில் நின்றதாக இருவருக்குமே நினைவில்லை. ரியூப் மாற்றிய அன்றும் அவர்தான் பிடித்தார்.

காற்றிலும் பாரத்திலும் ஒழுங்கு ஒன்றும் தெரியவில்லை.

ஊர்காவற்றுறைப் பழைய கை | வியாழன், இரவு 8.05

தம்பி, இப்போது ஒன்று மட்டும் சொல்லும். மச்சான் எப்படி ஓட்டுவார்? நீர் எப்படி ஓட்டுவீர்?

குருநகர்க் கரை | வியாழன், இரவு 8.20

மச்சான் பலகையில் இருந்துகொண்டே ஓட்டுவார். அவருக்கு முழங்கால் வருத்தம். அவர் ஓட்டும்போது போட்டின் முன்பக்கம், அணியத்தில் நின்று கொடி பார்ப்பது நான். நான் ஓட்டும்போது வலைக்குக் கிட்டப் போனதும் எழும்பி நின்றுதான் கொடி பார்ப்பேன். இருட்டில் இருந்தால் தெரியாது.

ஊர்காவற்றுறைப் பழைய கை | வியாழன், இரவு 8.35

எழும்பி நிற்கும்போது கைபிடி உம்மோடு மேலே வரும். இருக்கும்போது அது படுத்திருக்கும்.

ஸ்டொப் பட்டன் கைபிடியிலா இருக்கிறது? அப்படியென்றால் அதன் வயர் கைபிடியின் அடி மூட்டு வழியாகத்தான் உள்ளே போகிறது. நாளைக்குக் கடலுக்கு இறங்க முதல் அந்த மூட்டைப் பாரும். கொயிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம், பொறும்.

கோண்டாவில் வயரிங் | வியாழன், இரவு 9.00

மீட்டரால் பார்க்கும் வழி: மேல்மூடியைக் கழற்றினால் ஸ்டொப் வயர் சிடிஐக்குப் போகிற இடத்தில் ஒரு கொழுவி இருக்கும். அதைப் பிரியுங்கள். மீட்டரை, இரண்டு முனையும் தொடுபட்டால் சத்தம் போடுகிற நிலைக்குத் திருப்பி வையுங்கள். ஒரு முனையைச் சுவிச் பக்கத்து வயரில், மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பில். சிவப்புக் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்க வேண்டும். இப்போது சத்தம் வரக்கூடாது. பட்டனை அமுக்கினால் வரவேண்டும். அது சரி என்றால் பட்டனைத் தொடாமல் கைபிடியை மட்டும் மெல்ல மேலே தூக்குங்கள், இறக்குங்கள், மூட்டில் வயரைப் பிடித்து ஆட்டுங்கள். எங்காவது "பீப்" என்றால் பிழை கையில் சிக்கிவிட்டது.

சிலர் அந்தக் கொழுவியைக் கழற்றிவிட்டு அப்படியே கடலுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பட்டனும் வேலை செய்யாது, சிவப்புக் கயிறும் வேலை செய்யாது. ஆள் விழுந்தால் போட் நிற்காது. செய்ய வேண்டாம். மீட்டர் போதும்.

குருநகர்க் கரை | வெள்ளி, காலை 11.10

கண்டுபிடித்துவிட்டோம்.

கொழுவியைப் பிரித்து மீட்டர் வைத்தேன். சத்தம் இல்லை. பட்டன் அமுக்கினேன், பீப். விட்டேன், நின்றது. சரி. கைபிடியைத் தூக்கினேன். பாதி வரை ஒன்றுமில்லை. நான் நின்று ஓட்டுகிற உயரத்துக்கு வந்ததும் பீப். கைபிடியை இறக்கிய பிறகும் பீப் நிற்கவில்லை. மச்சான் மூட்டில் வயரை விரலால் தட்டியதும்தான் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூட்டின் மூடியைக் கழற்றினேன். வயர் உள்ளே நுழைகிற துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது உக்கித் துண்டுதுண்டாகக் கொட்டியிருந்தது. வளையம் இல்லாத அலுமினியத் துளையின் ஓரம் கத்தி போல இருந்தது. அந்த ஓரம் படுகிற இடத்தில் வயரின் தோல் ஒரு நெல்மணி அளவுக்கு வெட்டுப்பட்டு, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. பச்சைக்கு நடுவே மூன்று நாலு இழை மட்டும் மினுமினுவென்று புதிதாகத் தெரிந்தன. அலுமினியத்தில் உரசி உரசித் துலங்கிய இடம் அது. கைபிடி உயர்ந்தால் வயர் இழுபட்டு அந்த இழைகள் ஓரத்தில் ஏறிக் குந்திக்கொள்ளும். கைபிடியை விட்டாலும் உடனே விலகாது.

இப்போது எல்லாம் விளங்குகிறது. நின்றதும் மேல்மூடியைக் கழற்றி அங்கும் இங்கும் தட்டுவேன். அந்தத் தட்டலில்தான் வயர் விலகியிருக்கிறது. நான் அதை மோட்டர் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கராச்சில் பரலுக்குள் ஓட்டியபோது கைபிடி முக்கால் மணித்தியாலமும் படுத்தே கிடந்தது. அவர்கள் பார்த்ததிலும் பிழை இல்லை, அங்கே அது நிற்பதற்குக் காரணமே இல்லை.

இனி எப்படிக் கட்டுவது? இன்சுலேசன் ரேப் சுற்றினால் போதுமா?

கோண்டாவில் வயரிங் | வெள்ளி, காலை 11.40

ரேப் மட்டும் போதாது. உப்புக்காற்றில் பசை விட்டுவிடும், கோடை வெயிலில் உருகி வழியும். பச்சை பிடித்த துண்டை முழுவதும் வெட்டி எறியுங்கள். பச்சை வயரின் உள்ளே தோலுக்குக் கீழே ஊர்ந்து போயிருக்கும், மினுங்குகிற செம்பு வரும் வரை வெட்ட வேண்டும். வெள்ளீயம் பூசிய இழைகள் கொண்ட வயர் கிடைத்தால் அதையே போடுங்கள், கடலுக்கு அதுதான் தாங்கும். இணைப்பு மூட்டுக்குள் வரக்கூடாது. அசையாத இடத்தில், மேல்மூடிக்குள் வரட்டும். ஈயம் வைத்து ஒட்டி, உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்குகிற ரியூப் போட்டு மூடுங்கள். துளையின் ஓரத்தை அரத்தால் மழுக்கிவிட்டுப் புது ரப்பர் வளையம் போடுங்கள். கைபிடி முழுதாக உயர்ந்தாலும் வயர் இறுகாத அளவுக்கு ஒரு தளர்வு விடுங்கள்.

ஊர்காவற்றுறைப் பழைய கை | வெள்ளி, பகல் 12.20

வேலை முடிந்தபின் மீட்டரை மறுபடி வைத்து, கைபிடியை ஐம்பது தரமாவது தூக்கி இறக்கிப் பாரும். பிறகு கொழுவியைப் பூட்டி, மோட்டரை ஓடவிட்டு, பட்டனால் நிற்கிறதா, சிவப்புக் கயிற்றைக் கழற்றினால் நிற்கிறதா என்று இரண்டையும் பாரும். திருத்தியபின் நிற்காத மோட்டர், திருத்த முதல் நின்ற மோட்டரைவிட ஆபத்து.

இன்னொன்று. நின்று ஓட்டும்போது சிவப்புக் கயிறு உம்முடைய கையில் கட்டியிருக்கிறதா? இருட்டில் எழும்பி நிற்கிறவருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். மோட்டர் ஓட ஓட ஆள் தண்ணீரில் விழுந்தால், கைபிடியை விட்ட போட் வட்டமடித்துத் திரும்பி அவர் மேலேயே வரும். அப்படி ஒரு உடம்பைக் கரைக்குக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நாவாந்துறை மகள் | வெள்ளி, பின்னேரம் 4.50

மிகவும் சந்தோசம் அண்ணை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். உடனே எழும்பிப் போய்த் தன்னுடைய கைபிடி மூட்டைக் கழற்றிப் பார்த்தார். ரப்பர் வளையம் இருக்கிறது, ஆனால் வெடித்திருக்கிறது. நாளைக்கு மாற்றப் போகிறார்.

வேலணையான் | சனி, காலை 7.00

நான் சொன்னது பிழைத்துப்போனது. ஆனாலும் உங்கள் பழைய ரியூப்பைத் திரும்பப் போட முதல் ஒருக்கால் உள்ளே ஊதிப் பாருங்கள்.

குருநகர்க் கரை | திங்கள், காலை 10.05 (மூன்று கிழமை கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நிச்சயமாகத் தெரிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

பதினாறு நாள் தொழிலுக்கு இறங்கியிருக்கிறோம். ஒரு தரம்கூட நிற்கவில்லை. வேண்டுமென்றே நின்றபடி ஓட்டினேன், கைபிடியை மேலும் கீழும் ஆட்டி ஓட்டினேன், சோளகக் காற்று இரைந்த இரண்டு நாளில் அலையில் அடிபட்டும் பார்த்தோம். ஓடுகிறது. வயர் துண்டுக்கும் வளையத்துக்கும் போன காசு ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணாது. கொயில் வாங்க எடுத்து வைத்த காசில் இரண்டு உயிர்காப்பு அங்கி வாங்கினோம். மிச்சத்துக்கு ஒரு நல்ல டோர்ச்.

பழைய ரியூப்பை ஊதிப் பார்த்தேன் வேலணை அண்ணை, சுத்தமாக இருக்கிறது. சிவப்புக் கயிறு இப்போது மணிக்கட்டில். தங்கச்சி, நாங்களும் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். பொலித்தீன் உறைக்குள் வைத்து அணியத்துப் பெட்டியில் கிடக்கிறது. மச்சான்தான் எழுதுகிறார். முதல் பக்கத்தில் அந்த வெட்டுப்பட்ட வயர்த் துண்டை ஒட்டி வைத்திருக்கிறார்.